வட்டியைத் தொடாத மைய வங்கிக்கு

சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் நாணயக் கொள்கையை வகுப்போருக்கு,

வணக்கம்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தடவை காலை 8 மணிக்கு உங்கள் அறிக்கை வெளியாகிறது. அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்பே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். சிராங்கூன் சாலையிலும் ஈசூனிலும் உள்ள சின்னக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். மளிகைக்கடைக்காரர், பூக்கடை அம்மா, வாடகை வண்டி ஓட்டுபவர், யார் அழைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, கொள்கையைத் தளர்த்திட்டாங்களாமே, வீட்டுக் கடன் வட்டி எப்ப இறங்கும்?”

அது உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வியே இல்லை என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. உங்கள் கொள்கை தவறு என்று வாதாட நான் எழுதவில்லை. பெரும்பாலும் அது சரியாகவே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் பொருளாதாரத்தைத் தூக்கிவிட நீங்கள் கொள்கையைத் தளர்த்தும்போது ஆதாயம் யாருக்குப் போகிறது, செலவு யார் தலையில் விழுகிறது, யாரை அது தொடவே தொடாது என்பதைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி நீங்கள் சொல்வதில்லை. அறிக்கை சுருக்கமானது. அதற்குப் பின்னால் தடித்த ஆய்விதழ். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

கடைக்காரர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பு ஏதும் இல்லை. வீட்டில் ஓடும் தொலைக்காட்சியில் பாதி நேரம் ஊர்ச் செய்தி. இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ விகிதத்தை 6.5-இலிருந்து 6.25 சதவிகிதத்துக்குக் குறைத்தது, ஏப்ரலில் 6-க்கு, ஜூனில் ஒரேயடியாக அரைப் புள்ளி குறைத்து 5.5-க்கு. தஞ்சாவூரில் இருக்கும் தம்பி, “மாசத் தவணை குறைஞ்சிருக்குண்ணே” என்று சொல்கிறான். அங்கே நடப்பது நேரான கணக்கு. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகியகாலக் கடனின் விலை இறங்குகிறது. வங்கி தன் வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியும் கொஞ்சம் தாமதித்து இறங்குகிறது. வீடு வாங்குவதையும் டிராக்டர் வாங்குவதையும் தள்ளிப்போட்டவர் இப்போது வாங்குகிறார். விற்கிறவர் கூடுதலாக ஆள் எடுக்கிறார். மைய வங்கி பொருளாதாரத்தை ஊக்குவிப்பது என்றால் உலகத்தில் பெரும்பாலானோர் மனத்தில் வருவது இதுதான்.

அந்த வழி அடைபட்டுப்போன நாடுகள் வேறு வழி தேடின. 2008 டிசம்பரில் அமெரிக்க மைய வங்கியான ஃபெட் தன் வட்டியைப் பூஜ்யத்துக்கும் கால் சதவிகிதத்துக்கும் இடையே கொண்டுவந்து நிறுத்தியது. அதற்குக் கீழே போக இடமில்லை என்பதால் அரசாங்கப் பத்திரங்களையும் வீட்டுக் கடன் பத்திரங்களையும் தானே வாங்கிக் குவித்தது. நெருக்கடிக்கு முன்பு ஒரு டிரில்லியன் டாலருக்குள் அடங்கியிருந்த அதன் சொத்துக் கணக்கு 2022-இல் ஒன்பது டிரில்லியனை நெருங்கிவிட்டது. புதிதாக உண்டாக்கிய பணத்தைக் கொடுத்துப் பத்திரங்களை வாங்கினால் அவற்றின் விலை ஏறும். விலை ஏறினால் நீண்டகால வட்டி இறங்கும். அந்த மலிவில் நிறுவனங்கள் கடன் வாங்கித் தொழிலை விரிக்கும் என்பது நம்பிக்கை. ஜப்பான் இந்த வித்தையை 2001-லேயே செய்துபார்த்தது. 2016-இல் வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கி, 2024 மார்ச்சில்தான் அதிலிருந்து வெளியே வந்தது.

சிங்கப்பூரில் நீங்கள் பிடித்திருக்கும் கயிறு வேறு. 1981-இலிருந்து, டாக்டர் கோ கெங் சுவீ ஆணையத்தின் தலைவராக இருந்த காலத்திலிருந்து, நாணய மாற்று விகிதம்தான் உங்கள் கருவி. காரணத்தைக் கடைக்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினமில்லை. நாட்டின் மொத்த வர்த்தகம் உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு. இங்கே செலவாகும் ஒவ்வொரு வெள்ளியிலும், அதாவது சிங்கப்பூர் டாலரிலும், ஏறத்தாழ 40 காசு இறக்குமதிக்குப் போகிறது என்பது நீங்களே சொல்லும் கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், தண்ணீரில் ஒரு பகுதி என எல்லாமே வெளியிலிருந்து வரும் ஊரில் விலைவாசியைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வெள்ளியின் மதிப்பைப் பிடிக்க வேண்டும். அதோடு, பணம் தடையில்லாமல் வந்துபோகும் இடம் இது. நாணய மதிப்பையும் வட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள இங்கே முடியாது. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும். நீங்கள் வட்டியை விட்டுவிட்டீர்கள்.

நம் முக்கிய வர்த்தகப் பங்காளிகளின் நாணயங்கள் அடங்கிய கூடை ஒன்று. அந்தக் கூடைக்கு எதிராக வெள்ளி நகரலாம் என்று நீங்கள் அனுமதிக்கும் பட்டை ஒன்று. அந்தப் பட்டையின் சாய்வு, அகலம், நடுப்புள்ளி ஆகிய மூன்றைத்தான் மாற்றுகிறீர்கள். வெள்ளியை, மேம்பாலத்துக்கு ஏறும் பாதையில் போகிற வண்டி என்று நான் சொல்வது வழக்கம். இரண்டு பக்கத் தடுப்புக்குள் வண்டி இப்படியும் அப்படியும் ஆடலாம். பாதை மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தளர்த்துவது என்றால் ஏற்றத்தைக் குறைப்பது. மிக மோசமான நேரத்தில் பாதையையே ஒரு படி கீழே இறக்கிவைப்பது. வண்டி தடுப்பில் உரசப்போகும்போது நீங்கள் சந்தையில் இறங்கி வெள்ளியை விற்று அமெரிக்க டாலர் வாங்குவீர்கள், இல்லையென்றால் டாலரை விற்று வெள்ளி வாங்குவீர்கள்.

2008 அக்டோபரில் ஏற்றத்தைப் பூஜ்யமாக்கினீர்கள். 2009 ஏப்ரலில் பட்டையையே கீழே இறக்கினீர்கள். 2015 ஜனவரியில் யாரும் எதிர்பாராத நாளில் சாய்வைக் குறைத்தீர்கள். அக்டோபரில் இன்னும் கொஞ்சம். 2016 ஏப்ரலில் மறுபடி பூஜ்யம். 2020 மார்ச் 30-ஆம் தேதி கொவிட் பீதியின் நடுவே சாய்வைப் பூஜ்யமாக்கி நடுப்புள்ளியையும் இறக்கினீர்கள். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் சாய்வைக் குறைத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் தலைப்புச் செய்தி ‘நாணயக் கொள்கை தளர்வு’ என்றே வந்தது. ஒவ்வொரு தடவையும் என் வாடிக்கையாளர்கள் வட்டி இறங்கும் என்று காத்திருந்தார்கள்.

2015-இல் நடந்ததைப் பாருங்கள். 2014 முழுக்க 0.4 சதவிகிதத்தை ஒட்டியே கிடந்த மூன்று மாத சைபோர் வட்டி (வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டி, அன்று வீட்டுக் கடனுக்கு அடிப்படை), நீங்கள் ஜனவரியில் தளர்த்திய சில மாதங்களிலேயே ஏறத்தாழ 1 சதவிகிதத்தைத் தொட்டது. அமெரிக்க ஃபெட் அப்போது வட்டியை உயர்த்தவே இல்லை, டிசம்பரில்தான் உயர்த்தியது. உங்கள் அறிவிப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்க டாலர் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆசிய நாணயங்கள் எல்லாமே இறங்குமுகம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பொருளியல் படித்த யாரும் மறுக்கமுடியாது. வெள்ளி ஆண்டுக்கு இரண்டு சதவிகிதம் ஏறும் என்று முதலீட்டாளர் நம்பினால், அமெரிக்காவில் கிடைப்பதைவிட இரண்டு சதவிகிதம் குறைந்த வட்டிக்கும் பணத்தை இங்கே வைத்திருப்பார். ஏறும் மதிப்பு அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஏறாது என்று நீங்களே அறிவித்துவிட்டால் அவர் கூடுதல் வட்டி கேட்பார். ஆக, பொருளாதாரத்தை ஊக்குவிக்க நீங்கள் எடுத்த நடவடிக்கையே வங்கிக் கடன் வாங்கியவரின் மாதத் தவணையை ஏற்றிவிடக்கூடும்.

இதை நான் சொல்லும்போது கடைக்காரர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ‘தளர்த்தினா ஏறுமா?’ என்று கேட்டுவிட்டு, மகனிடமோ மருமகளிடமோ ஒருமுறை விசாரித்துக்கொள்வார்கள்.

இறுக்கியபோது நடந்தது இதன் மறுபக்கம். 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஐந்து தடவை இறுக்கினீர்கள். 0.2 சதவிகிதத்தின் அருகே கிடந்த சோரா, அதாவது இப்போது மிதக்கும் வீட்டுக் கடனுக்கு அடிப்படையான வங்கிகளுக்கிடையிலான வட்டி, 2022 முடியும்போது மூன்றை எட்டியிருந்தது. ‘நாணய ஆணையம் வட்டியை ஏத்திட்டாங்க’ என்று தேக்கா வட்டாரம் முழுக்கப் பேச்சு. ஏற்றியது வாஷிங்டன். ஃபெட் 2023 ஜூலையில் 5.25-க்கும் 5.5-க்கும் இடையே போய் நின்றபோதும் சோரா நாலு சதவிகிதத்துக்குக் கீழேயே இருந்தது. அந்த இடைவெளி, வெள்ளி ஏறும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. அதாவது உங்கள் இறுக்கம், கடன்காரருக்கு ஒருவகைக் குடையாக இருந்தது. அதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நீங்களும் எடுத்துச் சொல்லவில்லை.

2025 இன்னொரு கதை. ஜனவரியிலும் ஏப்ரலிலும் தளர்த்தினீர்கள். இந்த முறை சோரா இறங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று சதவிகிதத்தை ஒட்டி இருந்தது, ஆண்டு முடிவதற்குள் ஒன்றரைக்கும் கீழே போனது. அமெரிக்க வரிவிதிப்புக் குழப்பத்தில் பாதுகாப்பான இடம் தேடி வந்த பணமும், ஃபெட் வட்டியைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்து செய்த வேலை அது. என் வாடிக்கையாளர்கள் ‘பார்த்தீங்களா அக்கா, தளர்த்தினாங்க, இறங்கிடுச்சு’ என்று வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்கள். ஒரே சொல், ‘தளர்வு’. பத்து வருட இடைவெளியில் ஒரு தடவை வட்டி ஏறியது, ஒரு தடவை இறங்கியது. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன முடிவெடுக்கும்?

முடிவெடுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் என் கவலை. உங்கள் அறிவிப்பு வந்த வாரத்தில் கடன் விற்கும் முகவர்கள் அழைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த உணவகக்காரர் ஒருவருக்கு அப்படி ஓர் அழைப்பு: “ஆணையம் தளர்த்திட்டாங்க, இனி வட்டி இறங்குமுகம்தான், நிலையான வட்டியை விட்டுட்டு மிதக்கும் வட்டிக்கு மாறிடுங்க.” அந்த முகவர் இறங்கும் என்று நம்பியே சொல்லியிருக்கலாம், கழிவுத்தொகைக்காகவும் சொல்லியிருக்கலாம். எப்படியிருந்தாலும் உங்கள் அறிக்கையை அதில் இல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக இழுத்திருக்கிறார். நாணயக் கொள்கையை வகுப்பதும் நீங்கள்தான், வங்கிகளை மேற்பார்வையிடுவதும் நீங்கள்தான். உலகத்தில் பல மைய வங்கிகளுக்கு இந்த இரண்டு அதிகாரமும் ஒரே கையில் இல்லை. நாணயக் கொள்கை அறிவிப்பை வீட்டுக் கடன் விற்பனைப் பேச்சில் பயன்படுத்தக்கூடாது என்று வங்கிகளுக்கும் முகவர்களுக்கும் நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இன்னொரு பக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனில் இருப்பவர்கள். இவர்களும்தான் அழைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கடனின் வட்டி, ஊழியரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் (மசே நிதி) சாதாரணக் கணக்கு தரும் 2.5 சதவிகிதத்தோடு 0.1 சேர்த்து 2.6. இருபது ஆண்டுக்கும் மேலாக அதே எண். நீங்கள் தளர்த்தினாலும் இறுக்கினாலும், ஃபெட் தலைகீழாக நின்றாலும் அவர்களுடைய தவணையில் ஒரு காசு மாறாது. அந்தக் குடும்பங்களுக்கு உங்கள் கொள்கை வேறு வாசல் வழியாக வருகிறது: சந்தையில் வாங்கும் சாமான் விலை, அப்பாவோ அம்மாவோ வேலைபார்க்கும் நிறுவனத்தின் நிலைமை. அந்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் வேலை. வெள்ளி மெல்ல ஏறினால் நம் ஏற்றுமதி வெளிநாட்டாருக்கு அவ்வளவு விலை கூடாது. ஆர்டர் கைவிட்டுப் போகாது, ஆள்குறைப்பு தவிர்க்கப்படும். சுற்றுலாப் பயணிக்கும் இந்த ஊர் கொஞ்சம் மலிவாகத் தெரியும். பாடநூலில் இருப்பது இதுதான். ஆனால் இங்கே தயாராகும் மின்னணுப் பொருளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்த பாகங்கள். வெள்ளி பலவீனமானால் அவற்றின் விலையும் ஏறிவிடும். மிச்சமாவது உள்ளூர்ச் சம்பளமும் வாடகையும் அடங்கிய பகுதி மட்டுமே. ஆகவே ஊக்கம் உண்டு, ஆனால் சிறிய ஊக்கம். அதுவும் பல மாதம் கழித்து வந்துசேரும் ஊக்கம்.

அடுத்தது சாமான் விலை. ஏற்றத்தை நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு முறையும், இறக்குமதி விலைக்கு எதிராக நமக்கிருந்த கவசத்தில் கொஞ்சம் கழற்றிவைக்கிறீர்கள். பணவீக்கம் தணிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் அதைச் செய்கிறீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 5.5 சதவிகிதத்தில் நின்ற மூலாதாரப் பணவீக்கம் (தங்குமிடச் செலவும் தனியார் வாகனச் செலவும் சேராத கணக்கு), 2025-இன் முதல் ஒன்பது மாதமும் ஒரு சதவிகிதத்துக்குக் கீழே இருந்தது, தளர்த்த இடமிருந்தது. ஆனாலும் அந்த ஊக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது ஏற்றுமதி நிறுவனம் இல்லை, காய்கறி வாங்கும் வீடு. இதை நீங்கள் ஒரு வரியில்கூட எழுதுவதில்லை என்பதுதான் என் முறையீடு.

எல்லா விலையேற்றத்தையும் உங்கள் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடைபோட்டது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி விதித்தது. பிறகு சிங்கப்பூருக்கென்று 50,000 டன் விலக்குக் கிடைத்தது. அந்த வாரங்களில் பொன்னி மூட்டை விலையைப் பற்றி என்னிடம் புலம்பாத மளிகைக்கடைக்காரர் இல்லை. வெள்ளி அப்போது வலுவாகத்தான் இருந்தது. கப்பலில் ஏறாத அரிசியை எந்த நாணயக் கொள்கையாலும் இறக்கிவைக்க முடியாது. 2023-இலும் 2024-இலும் பொருள், சேவை வரி ஏழிலிருந்து எட்டுக்கும் பின்பு ஒன்பதுக்கும் போனது உங்கள் முடிவு இல்லை. மக்களோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘விலைவாசி’ என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்?

ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் தனி. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கு உங்கள் வெள்ளியின் மதிப்பு எண்களாகவே தெரியும். 2015 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 47 ரூபாய் அளவில் கிடைத்தது. 2025-இல் 65-ஐத் தாண்டியது. இதில் உங்கள் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு அமெரிக்க டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்த சரிவு. நீங்கள் சாய்வில் செய்யும் மாற்றம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவிகிதத்துக்குள்தான் என்பது சந்தை ஆய்வாளர்களின் கணிப்பு. ரூபாய் சில வாரங்களிலேயே அவ்வளவு ஆடிவிடும். ‘தளர்த்தப்போறாங்களாம், இப்பவே அனுப்பிடணுமா?’ என்று கேட்கும் தம்பிக்கு இதை யாராவது சொன்னால், சம்பளத்துக்கு முன்பே கைமாற்று வாங்கி அனுப்பமாட்டான்.

வெள்ளி வலுத்தால் உங்களுக்கும் ஒரு செலவு இருக்கிறது. 2022/23 நிதியாண்டில் உங்கள் கணக்கில் 30.8 பில்லியன் வெள்ளி நட்டம். செய்தியைப் பார்த்துப் பதறி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் இருப்பு, வெள்ளி ஏறும்போது வெள்ளிக் கணக்கில் சுருங்கித்தான் தெரியும். விலைவாசியைப் பிடித்ததற்கான கட்டணத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நான் விளக்கினேன். அந்த விளக்கம் உங்களிடமிருந்து, கடைக்காரருக்குப் புரிகிற தமிழில் வந்திருக்க வேண்டும்.

இப்போது, இந்த நாட்டில் பொருளாதாரத்தை உண்மையில் தூக்கிவிட்டது எது என்று பழைய கணக்குகளைப் புரட்டினால், பெரும்பாலும் உங்கள் ஷெண்டன் வே கட்டடத்துக்கு வெளியேதான் விடை இருக்கிறது. 1985-இல் மந்தநிலை வந்தபோது வெள்ளியின் மதிப்பை வெட்டி ஏற்றுமதியைத் தூக்கும் பாதையை அரசாங்கம் நம்பவில்லை. வெட்டினால் இறக்குமதி விலை ஏறி, சம்பளம் ஏறி, கிடைத்த ஆதாயம் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக 1986 ஏப்ரலில் முதலாளிகள் செலுத்தும் மசே நிதிச் சந்தாவை 25 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதத்துக்கு இறக்கினார்கள். 1999 ஜனவரியில், ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின்பு, 20-இலிருந்து 10-க்கு. ஒரே வெட்டில் உற்பத்திச் செலவு குறைந்தது, தொழில் நிமிர்ந்தது. யாருடைய ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து அந்த ஊக்கம் எடுக்கப்பட்டது என்பது அன்று வேலையில் இருந்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். கசப்பான மருந்துதான், ஆனால் அன்று யாருக்கு வலிக்கும் என்பது மறைக்கப்படவில்லை. அந்த நேர்மையைத்தான் உங்கள் அறிக்கையிலும் எதிர்பார்க்கிறேன்.

2020-இல் நிலைமை வேறாக இருந்தது. அரசாங்கம் ஏறத்தாழ 100 பில்லியன் வெள்ளியை ஒதுக்கியது. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த இருப்பிலிருந்து 52 பில்லியன் வரை எடுக்க அதிபர் ஒப்புதல் தந்தார். வேலை ஆதரவுத் திட்டத்தில் உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களுக்கு எல்லாத் துறைக்கும் 75 சதவிகிதம். நான் கணக்கு எழுதும் உணவகங்களில் ஆள்குறைப்பைத் தடுத்தது அந்தப் பணம். உங்கள் பங்காக அன்று எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, மார்ச் 30-ஆம் தேதி நீங்கள் பட்டையை இறக்கியது இல்லை. மறுநாள் வங்கிகளோடு சேர்ந்து அறிவித்த தவணை ஒத்திவைப்பு. அந்த ஆண்டு முடியும்வரை வீட்டுக் கடனில் அசலை மட்டுமோ அசல், வட்டி இரண்டையுமோ தள்ளிப்போடலாம் என்றீர்கள். முதல் அறிவிப்பைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. இரண்டாவதைப் பற்றி அன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புரிகிற மொழியில் சொன்னால் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே என் கோரிக்கை. ஒவ்வொரு அறிக்கையோடும் அதே காலையில் ஒரே ஒரு பக்கம், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கொடுங்கள். ‘இந்த முடிவு வட்டியை நேரடியாக மாற்றாது, கடன் வட்டி எந்தப் பக்கமும் போகலாம்’ என்பது முதல் வரியாக இருக்கட்டும். வீவக கடன் உள்ள குடும்பம், வங்கிக் கடன் உள்ள குடும்பம், ஏற்றுமதித் தொழிலில் வேலைபார்ப்பவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புபவர் ஆகியோருக்கு என்ன மாறும், என்ன மாறாது என்று இரண்டிரண்டு வரி போதும். தளர்த்தும்போது, இறக்குமதி விலையில் அதனால் எவ்வளவு அழுத்தம் வரும் என்ற உங்கள் சொந்த மதிப்பீட்டையும் ஓர் எண்ணாகச் சேர்த்துவிடுங்கள். அந்த எண் உங்களிடம் இருக்கும். அது இல்லாமல் நீங்கள் முடிவெடுக்கமாட்டீர்கள்.

பட்டையின் அகலத்தையும் சாய்வின் அளவையும் வெளியிடச் சொல்லவில்லை. ஊகவணிகருக்கு வரைபடம் கொடுக்கக்கூடாது என்ற உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பு ரகசியமாக இருந்த ஒன்றை நீங்கள் வெளியிடத் தொடங்கியதும் உண்டு. அந்நியச் செலாவணிச் சந்தையில் எவ்வளவு வாங்கினீர்கள், விற்றீர்கள் என்பதை 2020-இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் தாமதித்து வெளியிடத் தொடங்கினீர்கள். வானம் இடிந்து விழவில்லை. குடும்பங்களுக்கான அந்த ஒரு பக்கத்தில் அந்த அளவுக்கான ரகசியம்கூட ஏதும் இல்லை.

இந்த விஷயம் தமிழில் சொல்ல முடியாதது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்தால், அவர்கள் தங்கள் ஆணையத்தின் வரலாற்றையே மறந்தவர்கள். ஜே. ஒய். பிள்ளை அங்கே நிர்வாக இயக்குநராக இருந்தார். தர்மன் சண்முகரத்னம் அங்கே பொருளியலாளராகத் தொடங்கி, 2011 முதல் 2023 வரை தலைவராக இருந்தார். நோட்டிலும் நாணயத்திலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சிடுகிறவர்கள் நீங்கள்.

முதல் பக்கத்தை எழுதிப்பார்த்துவிட்டு யாரிடம் காட்டிச் சோதிப்பது என்று தெரியாவிட்டால் ஈசூனுக்கு வாருங்கள். மளிகைக்கடைக்காரர், உணவகக்காரர், பூக்கடை அம்மா, வாடகை வண்டி ஓட்டுபவர் எல்லாரையும் சமூக மன்றத்தில் கூட்டிவைக்கிறேன். கடை அடைத்து அவர்கள் வந்துசேர இரவு பத்து மணி ஆகிவிடும்; உங்கள் அதிகாரிகளுக்கு அந்த நேரம் ஒத்துவருமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனில் கணக்கு எழுதும் ஒரு சிங்கப்பூர்த் தமிழச்சி